தங்கம் வந்த அன்றும் போன அன்றும் நாம் எழுதியவை

#1 காவேரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

திருச்சிக்காரன் என்கிற முறையில் ரொம்ப நாளா மனசுல கிடக்கிற விஷயம் இது. நிதானமா பேசலாம்னு தொடங்குறேன்.

2019 ஏப்ரல் 22. தோகாவில் ஆசியத் தடகளப் போட்டி. பெண்கள் 800 மீட்டரை 2 நிமிடம் 02.70 விநாடியில் ஓடி நம்ம முடிகண்டம் ஊர்க்காரர் கோமதி மாரிமுத்து தங்கம் வாங்கினார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைச்ச முதல் தங்கம். அப்போ அவருக்கு வயசு 30. அடுத்த பத்து நாள் நம்ம ஊர் எப்படி இருந்ததுன்னு இங்க இருக்கிற பல பேருக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு காலிலும் வேற வேற ஷூ போட்டிருந்த அந்தப் படம் எத்தனை லட்சம் பேர் கைக்குப் போயிருக்கும்! மகளுக்குச் சாப்பாடு மிஞ்சணும்னு மாட்டுக்கு வெச்ச தவிட்டை அப்பா தின்னார்னு அவர் சொன்னதைக் கேட்டு அழாத வீடு இல்ல. கட்சிகள் லட்சக்கணக்கில் பரிசு கொடுத்தன. நடிகர்கள் கொடுத்தாங்க.

ஒரு மாசம்கூட முழுசா ஆகல. மே மாசமே ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்னு செய்தி. 2020 ஜூனில் நான்கு ஆண்டுத் தடை உறுதின்னு அறிவிப்பு. 2019 மார்ச் 18 முதல் மே 17 வரைக்குமான முடிவுகள் எல்லாம் ரத்து. தங்கம் சீனாவின் வாங் சுன்யூவுக்குப் போச்சு. தெரிஞ்சு எதையும் எடுத்துக்கலைன்னு கோமதி சொன்னது பத்தியின் கடைசி வரியா வந்தது.

நான் அவருக்காக வாதாட வரல. மாதிரிகள் பாசிட்டிவ், தீர்ப்பு வந்தாச்சு. நான் கேக்கிறது நம்மைப் பத்தி. ஏப்ரல்ல அதே முகத்தை முகப்புப் படமா வெச்சவங்க ஜூன்ல எழுதின கமெண்டுகளைப் படிச்சேன். அந்தப் பொண்ணோட சாதி, உடம்பு, அப்பா சாவு எதையும் விடல. நானும் ஏப்ரல்ல நாலு பதிவு போட்டவன். ஜூன்ல எல்லாத்தையும் அழிச்சிட்டு வாயை மூடிக்கிட்டேன். அதுவும் சரியில்லைன்னு இப்போ தோணுது.

ஒரே ஒரு தேதியைப் பாருங்க. முதல் மாதிரி எடுத்தது மார்ச் 18, பாட்டியாலாவில், ஃபெடரேஷன் கோப்பைத் தேசியத் தடகளப் போட்டியில். தோகா ஓட்டம் ஏப்ரல் 22. நடுவுல முப்பத்தைந்து நாள். அந்த முடிவு உரிய நேரத்துல வந்திருந்தா அவர் தோகாவுக்கு விமானமே ஏறியிருக்க மாட்டார். சீனப் பொண்ணு மேடையில தன் நாட்டுப் பாட்டைக் கேட்டிருப்பா. இந்த முப்பத்தைந்து நாளைப் பத்தி எந்த டிவி விவாதத்துலயாவது பத்து நிமிஷம் பேசினாங்களா? நான் பார்த்தவரைக்கும் இல்ல.

#2 பின்வரிசை

அண்ணா, உங்க வருத்தம் புரியுது. ஆனா நான் கொஞ்சம் கடுமையாத்தான் சொல்வேன். நானும் மாவட்ட அளவுல 400 மீட்டர் ஓடினவன். எனக்கு முன்னாடி ஓடி முடிச்சவங்க ரெண்டு பேர் பின்னாடி தடை வாங்கினாங்க. அந்த வருஷம் எனக்குக் கிடைக்க வேண்டிய விளையாட்டு விடுதி இடம் போச்சு. அதை எந்தக் கூரியர்ல அனுப்புவாங்க? நான்கு மாதிரி, நான்கும் பாசிட்டிவ். ஏழை என்பதால இரக்கம் காட்டினா, அவருக்குப் பின்னால வந்த ஏழைக்கு என்ன பதில்?

#3 ஸ்டாப்வாட்ச்

ஏழை, பணக்காரன் கணக்கு இங்க உண்டு. அதே 2019-ஐயே எடுத்துக்கங்க.

பிப்ரவரி 22, இந்தூர். சையது முஷ்டாக் அலி கோப்பையின்போது கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவின் மாதிரி எடுக்கப்பட்டது. டெர்புடலின் என்கிற தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் அதை வெளியில் சொன்னது ஜூலை 30. நடுவுல அவர் முழு ஐபிஎல் ஆடி முடிச்சாச்சு. எட்டு மாதத் தடை, அதுவும் முன்தேதியிட்டு மார்ச் 16-லிருந்து. நவம்பர் 15-ல முடிஞ்சது. ஜூலை 31 காலையில செய்தி எப்படி வந்தது? இருமல் மருந்து, பாவம், 19 வயசுப் பையன், தெரியாம குடிச்சிட்டான். விளையாட்டுப் பக்கத்துல ஒரு வாரம், அப்புறம் எப்போ திரும்பி வருவார்னு பேச்சு.

ஒரே நாடு, ஒரே வருஷம். அங்க இருமல் மருந்து, இங்க மானக்கேடு.

#4 மருந்தாளர்

ஸ்டாப்வாட்ச் சார், நான் பதினெட்டு வருஷமா மருந்துக்கடையில் நிக்கிறவன். உங்க ஒப்பீட்டில் பாதி தப்பு. அதைச் சொல்லாம போனா இந்த இழையே கெட்டுடும்.

டெர்புடலின் மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து. நம்ம ஊர்ல பல இருமல் சிரப்புகளில் நிஜமாவே இருக்கு, என் கடை அலமாரியிலேயே இருக்கு. விதிப்புத்தகத்தில் அது தெரியாமல் உடலுக்குள் போக வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் வருது. அந்த வரிசைக்குத் தண்டனையைக் குறைக்க இடம் உண்டு. கோமதியின் மாதிரியில் இருந்தது 19-நார்ஆண்ட்ரோஸ்டிரோன். நாண்ட்ரோலோன் என்கிற ஸ்டீராய்டு உடைஞ்சு வர்ற பொருள். இது எந்த இருமல் மருந்துலயும் கிடையாது. தசையை வளர்க்கிற வகை. எண்ணெய் ஊசியா போட்டா மாதக்கணக்குல உடம்புல தங்கும். முதல் தடவையே நான்கு ஆண்டு என்பதுதான் அந்த வரிசைக்கு உள்ள விதி. எப்படி உள்ளே போச்சுன்னு காட்டி, வேணும்னு செய்யலைன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் விளையாடுறவங்க தலையில்தான்.

ஆக தண்டனை வேறுபட்டதுக்குக் காரணம் மருந்து. செய்தியின் தொனி வேறுபட்டதுக்குக் காரணம் வேற. ரெண்டையும் கலக்காதீங்க.

#5 ஸ்டாப்வாட்ச்

சரி சார், ஒத்துக்கிறேன். மருந்து வகையை நான் பார்க்கலை. ஆனா தொனியைப் பத்தி நீங்களே சொல்லிட்டீங்க. இன்னொண்ணும் சேர்க்கணும். ஷா வழக்கை விசாரிச்சது யார்? அதே கிரிக்கெட் வாரியம். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவுக்குக் கீழ வர மாட்டோம்னு வருஷக்கணக்கா பிடிவாதமா இருந்தாங்க. ஷா விவகாரம் வந்து பத்து நாள்ல, ஆகஸ்ட் 9-ல, நாடாவுக்குக் கீழ வர ஒத்துக்கிட்டாங்க. அந்த அளவுக்கு ஊடக அழுத்தம் வேலை செஞ்சது. அழுத்தம் கொடுத்தா அமைப்பு அசையும்னு இதுல தெரியுது. தடகளத்துக்கு ஏன் அதே அழுத்தத்தைக் கொடுக்கல?

#6 வல்லிபுரத்தான்

இலங்கையிலிருந்து எழுதுறன். எங்கட பக்கத்துக் கதை ஒண்டு சொல்லவேணும்.

சுசந்திகா ஜயசிங்க 1997இல் ஏதென்ஸ் உலகப் போட்டியில 200 மீற்றர் வெள்ளி எடுத்தவ. அடுத்த வருசமே நாண்ட்ரோலோன் எண்டு அவவின்ர பேர் பத்திரிகை முழுக்க. நான் அப்ப பள்ளிக்கூடப் பெடியன். பஸ்ஸில, சலூனில எல்லாம் அவவைப் பற்றி என்ன கதைச்சவை எண்டு இப்ப நினைச்சாலும் கூச்சமா இருக்கு. பிறகு குற்றச்சாட்டிலிருந்து அவவை விடுவிச்சினம். அந்தச் செய்தி வந்த நாள் எனக்கு நினைவில்லை. குற்றஞ்சாட்டின நாள் மட்டும் நல்லா நினைவிருக்கு. அதுதான் நான் சொல்ல வந்தது.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில 200 மீற்றர் வெண்கலம். முதலாவதா வந்த மரியன் ஜோன்ஸ் 2007இல தான் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு பதக்கங்களைத் திருப்பிக் குடுத்தவ. அதால சுசந்திகாவின்ர வெண்கலம் வெள்ளியா மாறிச்சுது. ஊக்கமருந்து எண்டு ஏச்சு வாங்கின அதே மனுசிக்கு, இன்னொருத்தியின்ர ஊக்கமருந்தால போன பதக்கம் ஒன்பது வருசம் கழிச்சு வந்து சேர்ந்தது. மேடையும் இல்லை, கொடியும் இல்லை.

சந்தேகம் வந்த உடனேயே தீர்ப்புச் சொல்லாதேங்கோ எண்டுதான் நான் என்ர பிள்ளைகளுக்குச் சொல்லுறனான்.

#7 பின்வரிசை

வல்லிபுரத்தான் அண்ணே, அது நியாயம். தீர்ப்புக்கு முன்னாடி வாயை அடக்கணும். ஆனா தீர்ப்புக்குப் பிறகு?

#8 பழைய பி.டி. மாஸ்டர்

தம்பி, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்.

1988 செப்டம்பர் 24. சியோல் ஒலிம்பிக். பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடினார். திங்கட்கிழமை பள்ளியில் பிள்ளைகள் எல்லோரும் ஒரு விரலை மேலே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று நாளில் பதக்கம் பறிபோனது. ஸ்டானோசோலோல் என்கிற ஸ்டீராய்டு சிக்கியது. கனடாவின் ஓட்டக்காரர் என்று கொண்டாடப்பட்டவர் ஒரே இரவில் ஜமைக்காவில் பிறந்தவர் ஆனார். ஜெயித்தால் நம் பிள்ளை, தோற்றால் வந்தேறி. இது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

ஆனால் கனடா அடுத்து செய்த காரியத்தைத்தான் நான் என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்வேன். நீதிபதி சார்லஸ் டூபின் தலைமையில் அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. 1989இல் மாதக்கணக்கில் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். தொலைக்காட்சியில் மக்கள் பார்த்தார்கள். பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ் சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் ஏறி, எப்போது தொடங்கியது, யார் யாருக்குக் கொடுத்தது, ஏன் கொடுத்தது என்று நாள்கணக்கில் சொன்னார். மருத்துவர் ஜேமி ஆஸ்டஃபானையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். சக ஓட்டக்காரி ஏஞ்செலா இசஜென்கோ தன் நாட்குறிப்போடு வந்தார். அறிக்கை 1990இல் வெளியானது. போட்டி நாளில் மட்டும் சோதித்தால் யாரும் சிக்க மாட்டார்கள், பயிற்சிக் காலத்தில் சொல்லாமல் போய்ச் சோதிக்க வேண்டும் என்ற பாடம் அந்த விசாரணையில்தான் ஊர் அறிந்தது.

பென் ஜான்சனை யாரும் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த நாட்டு மக்களின் கோபம் ஒரு மனிதனோடு நின்றுவிடாமல் பயிற்சியாளர், மருத்துவர், சங்கம், அரசு என்று மேலே ஏறியது.

நம்மிடம் 2011 நடந்தது. டில்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய அணியில் மன்தீப் கௌர், சினி ஜோஸ், அஷ்வினி அக்குஞ்சி என்று வரிசையாகச் சிக்கினார்கள். சீனாவிலிருந்து வந்த ஜின்செங் மூலிகை மாத்திரையில் கலப்படம் என்று சொன்னார்கள். உக்ரைன் பயிற்சியாளர் யூரி ஒகோரோட்னிக்கை வேலையை விட்டு அனுப்பினார்கள். நீதிபதி முகுல் முட்கல் தலைமையில் குழுவும் போட்டார்கள். பெண்களுக்கு முதலில் ஓராண்டுத் தடை, பிறகு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டு ஆண்டாக்கியது. பயிற்சியாளர் ஊருக்குப் போனார். அந்தப் பெண்கள் எந்தக் கடைக்குப் போனாலும் அதே முகத்தோடுதான் போக வேண்டியிருந்தது.

தீர்ப்புக்குப் பிறகு என்ன என்று கேட்டாயே தம்பி, தீர்ப்புக்குப் பிறகு மேலே பார்க்க வேண்டும்.

#9 பின்வரிசை

மாஸ்டர், நான் படிச்ச பள்ளியிலயும் உங்களை மாதிரி ஒருத்தர் இருந்திருந்தா நல்லாருந்திருக்கும். யோசிக்கிறேன்.

#10 செய்தி மேசை

ஊடகத்தைத் திட்டுகிற எல்லோருக்கும்: நான் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பதினோரு வருடம் இருந்தேன். உள்ளே நடப்பதை உள்ளபடி சொல்கிறேன்.

தடகளத்துக்கென்று தனி நிருபர் பெரும்பாலான தமிழ்ப் பத்திரிகைகளில் கிடையாது. ஊக்கமருந்துச் செய்தி பெரும்பாலும் இரவு எட்டு மணிக்குச் செய்தி நிறுவனத்தின் வழியாக நாலு பத்தியாக வரும். அதை மொழிபெயர்க்கிறவருக்கு ஏ சாம்பிள், பி சாம்பிள் வித்தியாசம் தெரிந்திருந்தால் புண்ணியம். ஒரே நேரத்தில் எடுத்த சிறுநீரை இரண்டு குப்பிகளில் பிரித்து மூடி முத்திரை வைப்பார்கள். முதல் குப்பியில் கண்டால் தற்காலிகத் தடை வரலாம். வீரர் கேட்டால் இரண்டாவதைத் திறப்பார்கள். அது முடிந்து, விசாரணை முடிந்துதான் தீர்ப்பு. நாங்கள் முதல் குப்பி திறந்த அன்றே 'சிக்கினார்' என்று தலைப்பு வைத்துவிடுவோம். நானே வைத்திருக்கிறேன். 2002 பூசான் ஆசியப் போட்டியில் 1500 மீட்டர் தங்கம் வாங்கிய சுனிதா ராணியின் பதக்கம் பறிபோனபோது எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். ஆய்வக நடைமுறையில் குளறுபடி இருந்தது தெரிந்து சில மாதங்களில் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்களே, அந்தச் செய்திக்கு அதே இடம் கிடைத்ததா என்று பழைய கட்டுகளைப் புரட்டிப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அது இதைவிடப் பெரியது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து 1999 முதல் 2005 வரை ஏழு முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றவர். அவர் அறக்கட்டளையின் மஞ்சள் கைப்பட்டை நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் கையில்கூட இருந்தது. அந்தக் கதை அவ்வளவு அழகாக இருந்ததால் பெரும்பாலான பத்திரிகையாளர்கள் கேள்வியே கேட்கவில்லை. கேட்டவர் டேவிட் வால்ஷ் மாதிரிச் சிலர். அவரோடு சக நிருபர்களே காரில் ஏறத் தயங்கிய காலம் உண்டு. அவர் எழுதிய சண்டே டைம்ஸ் மீது வழக்குப் போட்டு, 2006இல் மூன்று லட்சம் பவுண்டு வாங்கினார் ஆம்ஸ்ட்ராங். அணியில் உடல் பிடித்துவிடும் வேலை செய்த எம்மா ஓரெய்லி உண்மையைச் சொன்னதற்காக அவரை அசிங்கமாகப் பேசினார், வழக்குப் போட்டார். 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஆயிரம் பக்கத்துக்கு மேல் சான்றுகளை வெளியிட்டது. சாட்சி சொன்ன 26 பேரில் 11 பேர் அவருடைய பழைய அணித்தோழர்கள். ஏழு பட்டமும் போயின. 2013 ஜனவரியில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே முன்னால் உட்கார்ந்து ஒப்புக்கொண்டார்.

அந்தக் காலத்தில் ஓரெய்லியைத் திட்டியது ஆம்ஸ்ட்ராங் மட்டுமில்லை. ரசிகர்களும்தான். அழகான கதையைக் கெடுக்கிறாள் என்று திட்டினார்கள். கோமதி விஷயத்தில் ஷூ படத்தை நாங்கள் அச்சிட்டபோதும் அழகான கதைதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. முப்பது வயதில் இவ்வளவு முன்னேற்றம் எப்படி, யார் பயிற்சி, என்ன உணவு என்று ஒரு விளையாட்டு நிருபர் கேட்க வேண்டிய சாதாரணக் கேள்விகளை ஏப்ரலில் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு ஜூனில் அதிர்ச்சி அடைய உரிமை குறைவு.

#11 காவேரிக்கரை

செய்தி மேசை சார், இதை வெளிப்படையா எழுதினதுக்கு நன்றி.

நான் சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு. 2020 ஜூனில் கோமதி தடை செய்தி. அடுத்த மாசமே, ஜூலையில், இன்னொரு செய்தி. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியா வெள்ளி. தங்கம் வாங்கின பஹ்ரைன் அணியில் ஓடின கெமி அடெகோயா ஊக்கமருந்துல சிக்கினதால தங்கம் நமக்கு வந்தது. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நாலாவதா வந்த அனு ராகவனுக்கு வெண்கலம். அந்தத் தொடர் ஓட்ட அணியில் ஓடின ஆரோக்கிய ராஜீவ் யார்? நம்ம லால்குடிப் பக்கத்துக்காரர்.

ஒரே மாவட்டம். ஒரு மாசத்துல ஒரு தங்கம் போச்சு, அடுத்த மாசத்துல ஒரு தங்கம் வந்தது. ரெண்டுக்கும் காரணம் ஊக்கமருந்து. போனதுக்கு ஆயிரம் கமெண்ட். வந்ததுக்கு எங்க வாட்ஸ்அப் குழுவுல ரெண்டு கைதட்டல் பொம்மை. ரெண்டு வருஷம் வெள்ளியைக் கழுத்துல போட்டுக்கிட்டு நின்ன மனுஷனோட வலியைப் பத்தி ஒருத்தரும் எழுதல. பின்வரிசை தம்பி முதல்ல கேட்டாரே, கூரியர்ல அனுப்ப முடியாததுன்னு, அதைத்தான் சொல்றேன். ஏமாத்தினவரைத் திட்டுறதுல நமக்கு இருக்கிற ஆர்வத்துல கால்வாசிகூட ஏமாந்தவர் மேல இல்ல.

#12 பின்வரிசை

அண்ணா, இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

ஒண்ணு சொல்றேன். 2023 செப்டம்பர்ல டில்லி மாநிலத் தடகளப் போட்டி. நேரு ஸ்டேடியம். கழிவறையில ஊசிகள் கிடக்கிற வீடியோ வெளியாகி, கடைசி நாள் நாடா ஆளுங்க சோதனைக்கு வந்தாங்க. ஆண்கள் 100 மீட்டர் இறுதியில ஓடினது ஒரே ஒருத்தர். மத்தவங்க வரல. ஜூனியர் ஸ்டீபிள்சேஸ் தடை ஓட்டத்துல ஒரு பொண்ணு முடிவுக்கோட்டைத் தாண்டியும் நிக்காம ஓடிக்கிட்டே இருந்தது, சோதனை அதிகாரி பின்னாடியே ஓடினார். நாடு முழுக்க அதை வெச்சுச் சிரிச்சாங்க. நானும் பகிர்ந்தேன். இப்போ நினைச்சா, அது ஜூனியர் பொண்ணு. அவளுக்கு அந்த ஊசியை யார் வாங்கிக் கொடுத்திருப்பாங்க? அவளா கடைக்குப் போய்ப் பேர் சொல்லி வாங்கியிருப்பா?

2023-ல இந்தியாவில் 5,606 மாதிரி எடுத்ததுல 213 பாசிட்டிவ்னு உலக அமைப்பான வாடாவின் கணக்கு. இந்த 213-க்குப் பின்னாடி எத்தனை பயிற்சியாளர், எத்தனை மருந்துக்கடைன்னு நமக்கு யாரும் பட்டியல் போடல. என் இடத்தைப் பறிச்ச அந்த ரெண்டு பேரையும் நான் இன்னும் மன்னிக்கலை. ஆனா அவங்க ரெண்டு பேருக்கும் ஒரே கோச். அவர் இன்னும் கிரவுண்டுலதான் இருக்கார்.

#13 ஓட்டக்காரியின் அம்மா

வணக்கம். நான் இங்க படிக்க மட்டும் வர்றவ, எழுதினது இல்ல. இந்த இழையை ராத்திரி முழுக்கப் படிச்சேன்.

என் பொண்ணு ப்ளஸ் ஒன். 800 மீட்டர் ஓடுறா. போன மாசத்துலருந்து அவ பையில ஒரு டப்பா இருக்கு. மேல ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழிச்சிருக்கு. கேட்டா புரோட்டீன் பவுடர், சார் கொடுத்தார், எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடுறாங்கன்னு சொல்றா. அந்த சார் நல்லவர்தான், காசுகூட வாங்கலை. எப்படிக் கேக்கிறதுன்னு தெரியாம இருந்தேன். கேட்டா பொண்ணை டீம்ல இருந்து எடுத்துடுவாரோன்னு பயம். என்ன பண்ணட்டும்?

#14 மருந்தாளர்

அம்மா, முதல் வேலையா அந்த டப்பாவை நிறுத்துங்க. இன்னைக்கே. பேர் தெரியாத பொடி எதுவும் வேண்டாம். அதைத் தூக்கிப் போடாதீங்க, அப்படியே மூடி பத்திரமா வைங்க, பின்னாடி தேவைப்படலாம்.

லேபிள் இருக்கிற மருந்துன்னா 'நோ யுவர் மெடிசின்'னு நாடாவோட செயலி இருக்கு. மருந்துப் பேரைப் போட்டா தடையில இருக்கான்னு காட்டும். ஆனா புரோட்டீன் பொடியில என்ன கலந்திருக்குன்னு அது சொல்லாது. கலப்படம் இருந்தாலும் விதிப்படி பொறுப்பு உங்க பொண்ணுதான். சார் கொடுத்தார்னு சொன்னா தண்டனை குறையலாம், பதக்கம் தங்காது. முட்டை, வேர்க்கடலை, பால், சுண்டல் போதும் இந்த வயசுக்கு. காய்ச்சல், இருமல்னு டாக்டர்கிட்ட போனாலும் இவ போட்டிக்கு ஓடுறவன்னு முதல்லயே சொல்லிடுங்க.

#15 பழைய பி.டி. மாஸ்டர்

அம்மா, பயிற்சியாளரிடம் நீங்கள் தனியாகப் போய்ப் பேச வேண்டாம். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளித் தலைமை ஆசிரியரும் உடன் இருக்கட்டும். சண்டை போடாமல் ஒரே கேள்வி கேளுங்கள்: டப்பாவின் பேர் என்ன, பில் எங்கே? நல்லவர் என்றால் இரண்டையும் காட்டுவார்.

எந்த ஊர் என்று இங்கே எழுத வேண்டாம். தனிச்செய்தியில் சொல்லுங்கள். பக்கம் என்றால் நான் வருகிறேன்.

#16 ஓட்டக்காரியின் அம்மா

ரொம்ப நன்றிங்க ஐயா. தனிச்செய்தி அனுப்பியிருக்கேன். டப்பாவை எடுத்துப் பீரோல வெச்சுட்டேன். பொண்ணு அழுதா, கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கா. நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு கிரவுண்டுக்கு நானும் கூடப் போறேன்.